உறைந்த நீரின் சாட்சியம்

நுரையீரலைச் சூழ்ந்த சவ்வுகளிடையே தேங்கிய நீரை ஊசியால் எடுத்து, அது உறைகிறதா எனக் காத்திருந்து பார்ப்பது பழைய மருத்துவர்களின் வழக்கம். இதயத் தளர்ச்சியால் கசிந்த நீர் பெரும்பாலும் உறையாது. அழற்சியால் ஊறிய நீர் ஃபைப்ரினோஜன் மிகுதியால் உறையும்.

1903இல் பிரெஞ்சு மருத்துவர் ஜூசே அவ்வுறைகட்டியைப் பெப்சினால் கரைத்து, உள்ளே சிக்கிய காசநோய்க் கிருமிகளைத் தேடினார். 1972இல் ரிச்சர்ட் லைட் குழுவினர், இரத்தத்தோடு ஒப்பிட்டுப் புரதத்திற்கு 0.5, எல்.டி.எச். நொதிக்கு 0.6 என எல்லை விகிதங்களை வகுத்தனர். கண்ணின் இடத்தை எண் பிடித்தது.

கேள்வி மட்டும் மாறவில்லை: பழுது அழுத்தத்திலா, சவ்விலா? காசநோய் மலிந்த இந்தியாவில் அவ்விடை பிழைத்தால், கிருமிக்கொல்லி வேண்டிய நோயாளிக்குச் சிறுநீர் பெருக்கும் மருந்தே கிட்டும்.