ஸ்லோவில் ஓடும், ரேஸ் எடுக்காது: மண்ணெண்ணெய் குடித்த எஞ்சின்களின் கதை

2022 கடைசியில் ஒரு விடியக்காலை. அப்பாயியை மாத்தளை ஆஸ்பத்திரி கிளினிக்குக்குக் கூட்டிப்போக சித்தப்பா பைக்கை எடுத்தார். ஒரே உதையில் ஸ்டார்ட். ஸ்லோவில் அழகாக ஓடியது. ஆனால் ஆக்ஸிலேட்டரைத் திருப்பினால் மூச்சு முட்டியதுபோல் முக்கி, நிற்கப் பார்த்தது. எல்கடுவயிலிருந்து இறங்குவது பிரச்சினையில்லை, உருண்டே போய்விடலாம். அப்பாயியை வைத்துக்கொண்டு திரும்பி ஏறுவது எப்படி? அன்றைக்கு அவர் கிளினிக் போகவில்லை.

அப்போது நான் ஏ.எல். படித்துக்கொண்டிருந்தேன். பைக்கைத் தள்ளிக்கொண்டு சித்தப்பாவோடு நானும் கராஜுக்குப் போனேன். அந்த அண்ணன் எதையும் கழற்றவில்லை. முதலில் கேட்டது ஒரே கேள்விதான்: "பெட்ரோல் இல்லாத நேரம் மண்ணெண்ண கலந்தீங்களா?"

சித்தப்பா பதில் சொல்லாமல் சிரித்தார்.

கலக்காமல் எப்படி? 2022 ஜூன் 27 நள்ளிரவிலிருந்து ஜூலை 10 வரை அத்தியாவசிய சேவைகளுக்கு மட்டும்தான் எரிபொருள் என்று அரசாங்கம் அறிவித்தது. பிறகு கியூஆர் முறை வந்தது. ஆரம்பத்தில் மோட்டார் சைக்கிளுக்கு வாரத்துக்கு 4 லீட்டர். மலையேறி இறங்குகிற வண்டிக்கு அது எந்த மூலைக்கு? ஆகஸ்ட் வரைக்கும் மண்ணெண்ணெய் லீட்டர் 87 ரூபாய். அதுவும் லேசில் கிடைக்கவில்லை. கிடைத்ததை சித்தப்பா பழைய கேனில் சேர்த்துவைத்து, கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்தார். ஆகஸ்டில் அதே மண்ணெண்ணெய் 340 ரூபாய் ஆனது.

அந்த அண்ணன் வேலையைத் தொடங்கினார். முதலில் தாங்கி மூடியைத் திறந்துவிட்டு ரேஸ் பண்ணிப் பார்த்தார். மூடியின் காற்றுத் துளை அடைபட்டால் பெட்ரோல் இறங்காது. மாற்றமில்லை. அடுத்து ஏர் ஃபில்டர். சுத்தமாகத்தான் இருந்தது. பிளக்கைக் கழற்றினார். முனை வெள்ளையாக வெளுத்திருந்தது. கறுப்பாகப் புகை படிந்திருந்தால் பெட்ரோல் கூடுதல், வெளுத்திருந்தால் பெட்ரோல் போதவில்லை என்றார். கடைசியாக சோக்கைப் பாதி இழுத்துவிட்டு ஆக்ஸிலேட்டரைத் திருப்பினார். இப்போது எஞ்சின் கொஞ்சம் ரேஸ் எடுத்தது. சோக் காற்றைக் குறைக்கும். காற்றைக் குறைத்ததும் எஞ்சின் தெளிந்தால், பெட்ரோல் வரும் வழியில்தான் அடைப்பு.

காபரேட்டரின் அடிக்கிண்ணத்தைத் திறந்தார். அடியில் துருப்பொடியும் பிசினும். மெயின் ஜெட் என்ற சின்னப் பித்தளைத் திருகை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தார். துளையே தெரியவில்லை. "மண்ணெண்ண மேல மட்டும் பழி போடக் கூடாது. ஒங்க கேனும்தான்" என்றார்.

அப்படியென்றால் ஸ்லோவில் மட்டும் எப்படி ஓடியது? அங்கேதான் இந்தக் கருவியின் வரலாறு வருகிறது. 1893இல் ஜெர்மனியின் வில்ஹெல்ம் மைபாக், காற்று உறிஞ்சும் வேகத்திலேயே பெட்ரோலைத் துளியாகத் தெளிக்கும் காபரேட்டரைச் செய்தார். அதே ஆண்டு ஹங்கேரியின் பாங்கியும் சோங்காவும் அதே வகைக் கருவிக்கு உரிமம் பதிந்தார்கள். ஒரே துளை வைத்த கருவியில் ஒரு சிக்கல் இருந்தது. வேகம் மாற மாற பெட்ரோலும் காற்றும் சேரும் அளவு தப்பிப்போகும். அதனால் பின்னால் வந்தவர்கள் வழிகளைப் பிரித்தார்கள். ஸ்லோவுக்குத் தனியாக ஒரு நுண்ணிய ஜெட். அதற்கு மேலே ஊசி, மெயின் ஜெட். இங்கிலாந்தின் அமால் இந்த வகைக் காபரேட்டரை மோட்டார் சைக்கிள்களில் பரப்பியது. ஜப்பானின் மிக்குனியும் அமாலிடம் உரிமம் பெற்றுக் காபரேட்டர் செய்தது. எங்கள் பைக்கில் ஸ்லோ ஜெட் திறந்திருந்தது, மெயின் ஜெட் அடைபட்டிருந்தது. அதனால்தான் நின்ற இடத்தில் நன்றாக ஓடியது, நகரச் சொன்னால் திணறியது.

இதை நான் அன்றைக்கு வரலாறு என்று நினைக்கவில்லை. பல்கலைக்கழகம் வந்த பிறகு, யாழ்ப்பாணத்து நண்பன் ஒருவன் வீட்டில் இந்தக் கதையைச் சொன்னேன். அவனுடைய அப்பா சிரித்துவிட்டுச் சொன்னார்: "தம்பி, நீங்கள் ரெண்டு மாதம் ஓடினீங்கள். நாங்கள் வருசக்கணக்கா ஓடினனாங்கள்."

1990 ஜூனில் போர் மறுபடி தொடங்கியதும் வடக்குக்குப் பொருளாதாரத் தடை வந்தது. பெட்ரோல் தடைசெய்யப்பட்ட பொருட்களில் ஒன்று. மின்சாரமும் இல்லை. அந்தக் காலத்தில் யாழ்ப்பாணத்து மோட்டார் சைக்கிள்களும் பழைய மொரிஸ் மைனர், ஏ40 கார்களும் மண்ணெண்ணெயில்தான் ஓடின. பெட்ரோல் கடும் குளிரிலும் ஆவியாகும், மண்ணெண்ணெய்க்குச் சூடு வேண்டும். அதனால் குளிர்ந்த எஞ்சினுக்குச் சின்னப் போத்தலில் வைத்திருக்கும் சில துளி பெட்ரோலைக் காட்டி ஸ்டார்ட் பண்ண வேண்டும். சூடான பிறகுதான் மண்ணெண்ணெய். புகை கக்கும், பிளக்கில் கரி பிடிக்கும், ஏற்றத்தில் எஞ்சின் தட்டும். ஆனாலும் ஓடியது. நோயாளியும் ஆசிரியரும் மீன் வியாபாரியும் அதில்தான் போனார்கள்.

இங்கிலாந்தில் ஃபெர்குசன், ஃபோர்ட்சன் டிராக்டர்களையும் இப்படித்தான் ஓட்டினார்கள். பெட்ரோலில் ஸ்டார்ட் செய்து, சூடானதும் மண்ணெண்ணெய் வகை எரிபொருளுக்கு மாற்றுவார்கள். ஆனால் அங்கே அதற்கென்றே எஞ்சினை வடிவமைத்தார்கள், கையேடும் எழுதினார்கள். யாழ்ப்பாணத்தில் யாரும் கையேடு கொடுக்கவில்லை. கராஜ்காரர்கள் தங்கள் கையால் செய்து பார்த்தே கண்டுபிடித்தார்கள். அவர்களில் எத்தனை பேருடைய பெயர் நமக்குத் தெரியும்?

என்னை உறுத்துவது இதுதான். போரின் தேதிகளைப் படிக்கிறோம், ஒப்பந்தங்களைப் படிக்கிறோம். மலையகத்தைப் பற்றி எழுதும்போதும் கோப்பி, தேயிலை, 1880இல் மாத்தளைக்கு வந்த ரயில் என்று எழுதுகிறோம். கோப்பியும் தேயிலையும் இறங்குவதற்குப் போட்ட பாதையில் இன்றைக்கு மனுசன் எப்படி ஏறி இறங்குகிறான் என்பதை யாரும் பெரிதாக எழுதுவதில்லை. 1990களில் வடக்கு கற்றுக்கொண்டதை, 2022இல் எல்கடுவ முதலிலிருந்து கற்றுக்கொண்டது. அதுவும் தப்பும் தவறுமாக. இரண்டு ஊரும் ஒரே மொழிதான் பேசுகிறது. ஆனாலும் அந்த அறிவு இந்தப் பக்கம் வந்து சேரவில்லை. ஏனென்றால் யாரும் அதை எழுதிவைக்கவில்லை.

இனி அதற்கு நேரமும் அதிகமில்லை. 2020 ஏப்ரலில் இந்தியாவில் பிஎஸ்-6 மாசு விதி வந்த பிறகு, புதிய பைக்குகளில் பெரும்பாலும் காபரேட்டருக்குப் பதில் கணினி பார்த்துத் தெளிக்கும் எரிபொருள் ஊசிதான். இலங்கையில் 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்றதால் பழைய காபரேட்டர் வண்டிகள் இன்னும் கொஞ்ச காலம் தப்பிப் பிழைத்தன. அவை போகும்போது, சோக்கைப் பாதி இழுத்தே நோயைச் சொல்லும் அந்தக் கைகளின் அறிவும் போய்விடும்.

அன்றைக்கு அந்த அண்ணன் மெயின் ஜெட்டைப் பெட்ரோலில் ஊறவைத்து, காற்றடித்து, மறுபடி வெளிச்சத்தில் பார்த்தார். துளையில் ஒரு பொட்டு வெளிச்சம் தெரிந்தது. தாங்கியையும் கழுவச் சொன்னார். பைக் ரேஸ் எடுத்தது. அடுத்த கிளினிக் நாளில் அப்பாயி போய், மருந்தோடு திரும்பி வந்தார்.

நீங்களும் ஒருநாள் உங்கள் ஊர் கராஜில் போய் உட்காருங்கள். 1990இல், 2022இல் என்ன செய்தீர்கள் என்று கேளுங்கள். சொல்லச் சொல்ல எழுதிக்கொள்ளுங்கள்.