கல்லுக்குக் கணக்கு இருக்கு, ஆளுக்கு?

ஆபீஸ்ல ஒரு ரிலீஸ் முடிஞ்ச கையோட ஒரு வாரம் லீவு கிடைச்சது. சென்னையில பைக்கைக் கிளப்பி, கிழக்குக் கடற்கரைச் சாலையைப் பிடிச்சு தூத்துக்குடி வரைக்கும் போறதுன்னு முடிவு. கூட வர்றேன்னு சொன்ன ரெண்டு பேரும் வழக்கம் போல கடைசி நேரத்துல கழண்டுக்கிட்டாங்க. சரி, தனியாவே போவோம்னு கிளம்பிட்டேன்.

ராமநாதபுரம் வரைக்கும் வெறும் தூறல்தான். சாயல்குடி தாண்டி வேம்பாறு வந்ததும் பிடிச்சது பாருங்க ஒரு மழை! ரெயின்கோட்டுக்குள்ளயே குளிச்சு முடிச்சுதான் தூத்துக்குடிக்குள்ள நுழைஞ்சேன். வழியில உப்பளம் எல்லாம் ஏரியாக் கிடந்தது. வெயில் காஞ்சாத்தான் பொழப்பு நடக்கிற ஊர் இது. மழைன்னா அவங்களுக்கு லீவு இல்லை, நஷ்டம். அதுவும் 2023 டிசம்பருக்கு அப்புறம் மழைன்னாலே ஒரு பயமும் சேர்ந்துக்கிச்சு. பக்கத்துல காயல்பட்டினத்துல அப்போ ஒரே நாள்ல 95 சென்டிமீட்டர் கொட்டித் தீர்த்தது. வருஷம் பூரா பெய்ய வேண்டிய மழையை விட அது அதிகம்.

மறுநாளும் மழை விட்ட பாடில்லை. பனிமய மாதா கோயிலைப் பார்த்துட்டு, மக்ரூன் ஒரு பொட்டலம் வாங்கிக்கிட்டு, கடற்கரை ரோட்டுல ஒரு டீக்கடையில ஒதுங்கினேன். (மழை ஈரத்துல மக்ரூன் அரை மணி நேரத்துல நமத்துப் போயிடுச்சு. அனுபவஸ்தன் சொல்றேன், கேட்டுக்குங்க.)

பெஞ்சுல ஒரு பெரியவர். இளவயசுல சங்கு குளிச்சவராம். அவங்க அப்பா முத்தே குளிச்சவர். சும்மா இருப்பேனா? எங்க அம்மா சின்ன வயசுல சொன்ன கதையை எடுத்து விட்டேன். சுவாதி நட்சத்திரத்துல பெய்யுற மழைத்துளி சிப்பி வாயில விழுந்தா முத்தாகும்னு சொல்வாங்களே, அது.

"கொஞ்சம் சத்தமாச் சொல்லு தம்பி, காது மந்தம்"னார். மறுபடி சொன்னேன். சிரிச்சுட்டார்.

"மழை பெய்ஞ்சா முத்தா? மழை பெய்ஞ்சா கடலு கலங்கிப் போவும் தம்பி. அடியில கையை நீட்டினா கை தெரியாது. அந்தக் கதையக் கட்டினவன் கரையிலயே நின்னவன்."

அந்தக் கடைசி வரி மண்டைக்குள்ள உட்கார்ந்துக்கிச்சு. யோசிச்சுப் பார்த்தா, இந்தக் கடலோட வரலாறு நமக்குக் கிடைச்சதே கரையில நின்னவங்க எழுதித்தான்.

கிட்டத்தட்ட ரெண்டாயிரம் வருஷத்துக்கு முந்தின கிரேக்கக் கடல்வழிக் குறிப்பு 'பெரிப்ளூஸ்'. பாண்டிய நாட்டுக் கொற்கையில முத்துக் குளிக்கிறாங்க, அந்த வேலையைச் செய்யறது தண்டனை பெற்ற கைதிகள்னு அதுல இருக்கு. கொற்கை முத்துன்னு பெருமையாப் பேசறோம். அதை எடுத்தது சாவுக்குத் துணிஞ்சவன் இல்லை, தள்ளி விடப்பட்டவன்.

அப்புறம் தாமிரபரணி கொண்டு வந்த மண்ணுல கடல் பின்வாங்கி, துறைமுகம் காயலுக்கு நகர்ந்தது. 13ஆம் நூற்றாண்டுக் கடைசியில இந்தக் கரைக்கு வந்த மார்க்கோ போலோ பங்குக் கணக்கு எழுதி வச்சிருக்கார். எடுக்கிறதுல பத்துல ஒரு பங்கு ராஜாவுக்கு. இருபதுல ஒரு பங்கு, சுறா வராம மந்திரம் போட்டுக் கடலைக் கட்டுற ஆளுக்கு. அவரைத் தமிழ்ல கடல்கட்டின்னே சொல்லியிருக்காங்க. சாயங்காலம் ஆனா மந்திரத்தை அவிழ்த்து விட்டுடுவாராம். ராத்திரி யாரும் திருட்டுத்தனமா முங்கக் கூடாதில்ல, அதுக்கு! செக்யூரிட்டி சிஸ்டம் எப்படி?

1530கள்ல முத்து வியாபாரத்துல முஸ்லிம் வணிகர்களுக்கும் பரதவர்களுக்கும் பெரிய தகராறு. பரதவர்கள் கொச்சிக்குத் தூது போய் போர்த்துக்கீசியர் பாதுகாப்பைக் கேட்டாங்க. ஆயிரக்கணக்கானோர் ஞானஸ்நானம் வாங்கினாங்க. பிரான்சிஸ் சவேரியார் வந்து சேர்ந்தது 1542ல, அதாவது அதுக்கு அப்புறம்தான். நான் பார்த்துட்டு வந்த மாதா சுரூபம் 1555ல மணிலாவிலேர்ந்து வந்ததா சொல்றாங்க. 1658ல டச்சுக்காரன் ஊரைப் பிடிச்சான். 1825ல அது வெள்ளைக்காரன் கைக்கு நிரந்தரமாப் போச்சு. ஊரை ஆண்ட கொடி மாறிக்கிட்டே இருந்தது. பங்கு கேட்கிறது மட்டும் மாறலை.

இதுல என்னை நிறுத்தின விஷயம் ஒண்ணு உண்டு. முங்குறவன் சீக்கிரமா அடிக்குப் போக, கயிறு கட்டின ஒரு கல்லுல காலை மாட்டிக்குவான். அந்தக் கல்லுதான் கணக்குக்கே அலகு! இத்தனை கல்லுக்கு வரி, மதுரை நாயக்கருக்கு இத்தனை கல், சேதுபதிக்கு இத்தனை கல் இலவசம்னு கல்லை வச்சே உரிமை பேசியிருக்காங்க. கல்லுக்குக் கணக்கு இருக்கு. அதுல காலை மாட்டினவனுக்கு ஒரு பேர்கூட இல்லை. ராத்திரி பூரா உட்கார்ந்து கோட் எழுதினவன் பேர் ரிலீஸ் மெயில்ல வரலைன்னு புலம்புற ஜாதி நாம. இவங்க என்ன சொல்வாங்க, சொல்லுங்க?

வெள்ளைக்காரன் காலத்துக் கடைசியில எடுத்த சிப்பியில மூணுல ரெண்டு பங்கு சர்க்காருக்கு. மிச்சம் ஒரு பங்கை முங்கினவங்க பிரிச்சுக்கணும். சிப்பியைத் திறக்காமலே ஆயிரம் ஆயிரமா ஏலம் விடுவாங்க. உள்ளே முத்து இருக்கா இல்லையாங்கிறது எடுத்தவனுக்கே தெரியாது.

20ஆம் நூற்றாண்டுல ஜப்பான்காரன் வளர்ப்பு முத்தைச் சந்தையில கொட்டினான். இங்கே சிப்பிப் பாரும் வெறிச்சோடியது. தூத்துக்குடியில கடைசியா முத்துக் குளிப்பு நடந்தது 1961ல. 1973ல மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்துக்காரங்க இதே ஊர்ல வளர்ப்பு முத்தை உருவாக்கிக் காட்டினாங்க. அதுக்கு யாரும் மூச்சைப் பிடிக்க வேண்டியதில்லை.

பெரியவர்கிட்ட, "காது வயசாகிப் போனதா ஐயா?"ன்னு கேட்டேன்.

"வயசு என்ன வயசு. எட்டுப் பாகம் இறங்கினா காதுக்குள்ள குத்தும். ஒரு நாள் டப்புன்னுச்சு, ரத்தம் வந்துச்சு. மறுநாளும் போனேன். எங்க அப்பாவுக்கு ரெண்டு காதுமே கிடையாது."

எட்டுப் பாகம்னா பதினாலு பதினஞ்சு மீட்டர். காத்தும் தண்ணியுமா சேர்ந்து ரெண்டரை மடங்கு அழுத்தம். இன்ஜினியரிங் படிச்ச எனக்கு ஃபார்முலா தெரியும். அவருக்கு அந்த 'டப்' தெரியும்.

ராஜா பங்கு, கடல்கட்டி பங்கு, சர்க்கார் பங்கு எல்லாம் எழுத்துல இருக்கு. இந்தக் காதை யாரும் எந்தக் கணக்குலயும் எழுதலை.

மூணாம் நாள் மழை கொஞ்சம் விட்டதும் கொற்கைக்குப் போனேன். பழைய வன்னி மரம், குளம், சுத்தி வயல். கடல் அங்கேர்ந்து சில கிலோமீட்டர் தள்ளி எங்கேயோ இருக்கு. 1968-69ல தொல்லியல் துறை இங்கே தோண்டியிருக்கு. மரத்தடியில நின்னப்போ மறுபடி தூற ஆரம்பிச்சது. பழக்க தோஷம், வானத்தைப் பார்த்து அம்மா கதையை நினைச்சேன்.

அந்தக் கதை இனிமே எனக்கு அவ்வளவு இனிக்காது. அம்மாகிட்ட போன்ல சொன்னேன். கொஞ்ச நேரம் பேசலை. அப்புறம், "அந்தப் பெரியவருக்கு டீயாவது வாங்கிக் கொடுத்தியாடா?"ன்னாங்க.

வாங்கிக் கொடுத்தேன். பேர் கேட்கத்தான் மறந்துட்டேன்.