கல்முனைக் கடலும் கனேடிய விமானி ஒருவரும்



கல்முனைக் கரையில் நின்று கிழக்கே நோக்கினால் கண்ணுக்கு எட்டியமட்டும் வங்கக் கடல் ஒன்றே தெரியும். கரைவலை இழுப்போருக்கு அக்கடல் பிழைப்பு. சரித்திரம் பயில்வோனுக்கோ அது இரும்புக் கப்பல்களின் இடுகாடு. மட்டக்களப்புக்கு அப்பால் ஹேர்மிஸ் என்னும் விமானந்தாங்கிக் கப்பல் கிடக்கின்றது. மட்டக்களப்பிலிருந்து ஏறக்குறைய 30 மைல் தெற்குத் தென்கிழக்கே, நம் கல்முனைப் பகுதிக்கு அப்பாலுள்ள நீரில், ஹொலிஹொக் என்னும் சிறு போர்க்கப்பல் அமிழ்ந்தது. வாம்பயர் என்னும் அவுஸ்திரேலிய நாசகாரிக் கப்பலும், எண்ணெய்க் கப்பல்கள் இரண்டும் இவற்றோடு சேர்ந்தவை. எல்லாம் 1942ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் 9ஆம் திகதி, ஒரே நாளில் மூழ்கியவை. அந்நாளில் அம்பாறை மாவட்டம் என ஒன்று இல்லை. அது 1961இலேயே பிரிக்கப்பட்டது. கல்முனை மட்டக்களப்பு மாவட்டத்து ஊராகவே அன்று இருந்தது.

இந்நாளின் கதையைச் சொல்ல வேண்டுமாயின், அதற்கு ஐந்து நாள் முன்னர், தென்கோடியில் கொக்கலை வாவியிலிருந்து எழுந்த ஒரு விமானத்திலிருந்தே தொடங்கவேண்டும்.

அதன் தலைமை விமானி லெனாட் பேர்ச்சல் என்பவர். கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்திலே, சென்ற் கத்தரீன்ஸ் என்னும் ஊரில், 1915ஆம் ஆண்டு யூலை 6ஆம் திகதி பிறந்தவர். 1937இல் கிங்ஸ்டன் இராணுவக் கல்லூரியிலிருந்து வெளியேறி விமானப் படையிற் சேர்ந்தார். நீரில் இறங்கவும் நீரிலிருந்து எழவும் வல்ல கற்றலைனா விமானத்தைச் செலுத்தும் அவரது படைப்பிரிவு ஸ்கொத்லாந்துக்கு வடக்கே ஷெற்லண்ட் தீவுகளில் இருந்தது. அங்கிருந்து அதனை இலங்கைக்கு அனுப்பினர். பேர்ச்சல் இத்தீவில் வந்திறங்கியது ஏப்ரல் 2ஆம் திகதி. அவருக்கு இந்த மண்ணோடு இருந்த பழக்கம் முழுவதும் இரண்டு நாட் பழக்கமே என்பதை நேயர்கள் நினைவிற் கொள்ளவேண்டும்.

நான்காம் திகதி விடியுமுன் எண்மரோடு புறப்பட்ட அவர், தெற்கே பெருங்கடலை நாள் முழுதும் துருவினார். மாலையாயிற்று, காவல் முடிந்து திரும்பவேண்டிய வேளை. ஆனால் நிலவு எழும்வரை நின்றால், அதைக்கொண்டு தாம் இருக்கும் இடத்தைத் திட்டமாகக் கணிக்கலாம் என்று திசை கணிக்கும் துணைவர் யோசனை சொன்னார். நின்றார்கள். அந்தத் தாமதத்தினாலேயே தென் அடிவானத்தில் ஒரு புள்ளி கண்ணிற் பட்டது. அருகே சென்றபோது புள்ளி பலவாயிற்று. பேர்ள் துறைமுகத்தைத் தாக்கிய அட்மிரல் நகுமோவின் கடற்படை அது! ஐந்து விமானந்தாங்கிகள், நான்கு பெரும் போர்க்கப்பல்கள், அவற்றின் பரிவாரங்கள்.

செய்தியை மூன்று முறை அனுப்பவேண்டும் என்பது விதி. மூன்றாம் முறை அனுப்பிக்கொண்டிருந்தபோது யப்பானியரின் சண்டை விமானங்கள் சுட்ட குண்டுகள் வானொலிக் கருவியைச் சிதைத்தன. விமானம் தீப்பற்றிக் கடலில் விழுந்தது. ஒன்பது பேரில் மூவர் மாண்டனர். அறுவரை யப்பானிய நாசகாரி ஒன்று தூக்கியது. செய்தி எதுவும் அனுப்பவில்லை என்று அவர்கள் சாதித்தனர். கொழும்போ, செய்தியைத் திரும்பச் சொல்லுமாறு வானிற் கேட்டுவிட்டது; அதனை யப்பானியரும் கேட்டனர். பிறகு விழுந்த அடிகளை விவரிக்கவேண்டியதில்லை.

மறுநாள், ஈஸ்ரர் ஞாயிறு காலை, கொழும்பு தாக்கப்பட்டது. துறைமுகத்தில் நின்ற கப்பல்கள் பலவற்றை இரவோடிரவாகக் கடலுக்கு அனுப்பிவிட்டிருந்தனர். கனேடியர் பேர்ச்சலுக்கு ‘இலங்கையின் இரட்சகர்’ என்ற பட்டத்தைச் சூட்டினர். இப்பட்டம் சற்று மிகையானது என்பது என் எண்ணம். தாக்குதல் வரும் என்பதைப் பிரித்தானியக் கடற்படைத் தலைவர் சொமவில் இரகசியக் குறிகளைக்கொண்டு முன்னரே ஊகித்திருந்தார். செய்தி கிடைத்த பின்னரும் இரத்மலானையில் விமானங்கள் தரையிலேயே அகப்பட்டுக்கொண்டன. டோர்செற்ஷயர், கோண்வோல் என்னும் இரு போர்க்கப்பல்கள் அன்று பிற்பகல் நடுக்கடலில் 424 உயிர்களோடு அமிழ்ந்தன. எச்சரிக்கை ஒரு துறைமுகத்துக்கு ஓர் இரவு அவகாசம் கொடுத்தது, அவ்வளவே. ஆயினும் அந்த ஓர் இரவின் பெறுமதியைத் துறைமுகத்தில் இருந்தவர்கள் அறிவார்கள்.

ஒன்பதாம் திகதி திருகோணமலையின் முறை வந்தது. அன்றும் பேர்ச்சலின் படைப்பிரிவைச் சேர்ந்த இன்னொரு கற்றலைனாவே எதிரியைக் கண்டது. அதன் தலைவர் ரே தோமஸும் உடனிருந்த அனைவரும் கடலோடு போயினர். அவர்களுடைய பெயரை நம் நாட்டிற் சொல்வோர் அரியர்.

ஹேர்மிஸ் கப்பல் முதல்நாள் இரவே எச்சரிக்கையின்மேல் திருகோணமலையை நீங்கித் தெற்கே வந்திருந்தது. தாக்குதல் முடிந்ததென்று எண்ணி வடக்கே திரும்பும் வழியில் யப்பானிய வேவு விமானத்தின் கண்ணிற் பட்டது. விமானந்தாங்கி என்று பெயரே ஒழிய, அதன் விமானங்கள் அன்று சீனன்குடாவிலே தரையில் இருந்தன. குண்டுகள் மழையாய் விழுந்தன. முற்பகல் 11 மணிக்குச் சற்று முன்னர் கப்பல் அமிழ்ந்தது. 307 பேர் மாண்டனர். வீற்றா என்னும் வைத்தியக் கப்பல் ஏறக்குறைய 600 பேரை நீரிலிருந்து எடுத்தது. நீந்தியே நம் கரையை அடைந்தவர்களும் சிலர் உண்டு. துறைமுகத்தைவிட்டுத் தப்பி வந்த கப்பல்கள் நம் கரையோரத்திலே அகப்பட்டது விதியின் கோணல் எனலாம். நகுமோவின் படையோ அத்துடன் திரும்பிற்று. இலங்கையைத் தாக்கிய ஐந்து விமானந்தாங்கிகளுள் மூன்று, இரண்டு மாதங்களின் பின் மிட்வே போரிலே கடலடியைச் சேர்ந்தன.

பேர்ச்சல் யப்பானில் மூன்றாண்டுக்கு மேல் கைதியாய் இருந்தார். என் மதிப்பில் அவரது பெருமை விமானத்தில் இருந்ததைவிட அங்கேதான் அதிகம். உணவு பங்கிடும்போது அதிகாரிகள் கடைசியாக எடுக்கவேண்டும் என்று விதித்தார். தம் பங்கு குறைந்தது என்று நினைக்கும் எவனும் அதிகாரியின் பங்கை மாற்றி எடுத்துக்கொள்ளலாம் என்றும் விதித்தார். நோயாளிகளை அடிப்பதைத் தடுக்கக் குறுக்கே புகுந்து, தாமே அடியுண்டார். 1944இல், நோயாளிகளை வேலைக்கு இழுக்கும்வரை எவரும் வேலை செய்வதில்லை என்று கைதிகளை உட்காரச் செய்தார். அதற்காகச் சித்திரவதையும் பட்டார். இடையே நடந்தவற்றையெல்லாம் குறித்து வைத்த அவரது மறைவான நாட்குறிப்புகள், போர்க் குற்ற விசாரணைகளில் சாட்சியமாயின. 1945 ஓகஸ்ற் மாதக் கடைசியிலே விடுதலை கிடைத்தது.

அவரைக் கண்டறியாத சேர்ச்சில், யுத்தத்தின் பின் ஒரு விருந்திலே, அந்த விமானி இறந்துவிட்டார் என்றெண்ணிப் பேச, அவர் உயிரோடிருக்கிறார் என்று ஒருவர் திருத்தினார் எனச் சொல்வர். கதையெனினும் பொருத்தமான கதை.

அதன் பின் வாழ்வு அமைதியானது. தாம் படித்த இராணுவக் கல்லூரிக்கே 1963 முதல் 1967 வரை தலைவராய் இருந்தார். பின்னர் யோர்க் பல்கலைக்கழகத்திலே 1982 வரை பணியாற்றினார். இளைப்பாறிய பின்னும் கௌரவப் பதவியில் சீருடையை விடவில்லை. 62 ஆண்டுச் சேவைக்கு அடையாளமாக அவரது பதக்கத்தில் ஐந்தாவது பட்டை ஏறியது. 2004 செப்ரெம்பர் 10ஆம் திகதி, 89ஆவது வயதில், கிங்ஸ்டனிலே காலமானார்.

நான்கு மாதம் நிறையவில்லை. அதே ஆண்டு டிசெம்பர் 26ஆம் திகதி, ஞாயிறு, காலை 7 மணியளவிலே சுமாத்திராவுக்கு அருகே கடலடி அதிர்ந்தது. அலை நம் கரையை எட்ட ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம் பிடித்தது. அந்த நேரத்துக்குள் மருதமுனைக்கோ, கல்முனைக்கோ, சாய்ந்தமருதுக்கோ, காரைதீவுக்கோ, நிந்தவூருக்கோ எந்தத் திசையிலிருந்தும் ஒரு செய்தி வரவில்லை. அம்பாறை மாவட்டத்தில் மட்டும் 10,000 பேருக்கு மேல் மாண்டனர்.