கிருஷ்ண பிள்ளையின் நாற்பத்திரண்டு ஆண்டுகள்



கோல சிலாங்கூர், ஈஜோக், புக்கிட் ரோத்தான், பெஸ்தாரி ஜெயா (2007 வரை பத்தாங் பெர்ஜுந்தை) வட்டாரத் தோட்டங்களில் வேரூன்றிய குடும்பங்களுக்கு இந்தச் சிக்கல் புதிதன்று. வீட்டில் ஒருவர் கிறித்தவராகிறார். ‘சாமியை விட்டுவிட்டான்’ என்பது முதலில் எழும் குரல். அடுத்து எழுவது அதனினும் கடியது: ‘இனி இவன் தமிழனா?’ தீமிதித் திருவிழாவிற்கு வரி கொடுப்பானா, தாய்க்குக் கொள்ளி வைப்பானா, பிள்ளைக்கு என்ன பெயர் சூட்டுவான் என்று கேள்விகள் அடுக்கடுக்காக வரும். மறுபுறத்தில், புதிதாக ஞானமுழுக்குப் பெற்றவரிடமும் ஓர் அவசரத்தைக் காண்கிறோம். கோலம், பொங்கற்பானை, பழம்பாடல், முன்னோர் இட்ட பெயர் ஆகிய அனைத்தையும் ஒரே நாளில் கழுவிவிட அவர் துடிக்கிறார்.

இவ்விரு தரப்பாரும் ஓயாமல் சண்டையிட்டாலும் ஒரு செய்தியில் மட்டும் ஒத்துப் போகின்றனர். கிறித்துவை ஏற்பதும் தமிழ் மரபைக் கைவிடுவதும் ஒரே செயல் என்பதே அது. இருவருக்கும் இடையில், நம் வகுப்பறையில், செய்யுள் மனனத்தைச் செய்வதா வேண்டாவா என்று தெரியாமல் அமர்ந்திருப்பது ஒரு குழந்தை!

இதை எழுதுபவன் சிவநெறியில் வளர்ந்தவன். எவரையும் எந்தச் சமயத்திற்கும் அழைப்பது என் நோக்கமன்று. இலக்கிய வரலாற்று நூல்களில் ‘கிறித்தவக் கம்பர்’ என்ற ஒரே தொடருடன் முடிந்துபோகும் ஒரு தமிழாசிரியரின் வாழ்வைச் சற்று விரித்துச் சொல்ல விழைகிறேன். அவர் எச்.ஏ. கிருஷ்ண பிள்ளை.

திருநெல்வேலிச் சீமையில் கரையிருப்பு என்னும் சிற்றூரில், 1827ஆம் ஆண்டு ஏப்ரல் 23ஆம் நாள், வைணவ வேளாளர் குடும்பத்தில் அவர் பிறந்தார். தந்தையார் சங்கர நாராயண பிள்ளை கம்பராமாயணத்தில் தோய்ந்தவர். இராமகாதை அவ்வீட்டில் மூச்சுக்காற்றைப் போன்றது. மகனுக்கும் அதுவே முதற்கல்வி ஆயிற்று. பின்னர்த் திருப்பாற்கடல்நாதன் கவிராயரிடம் இலக்கண இலக்கியம் பயின்று, இளமையிலேயே புலமை மிக்கவராகத் திகழ்ந்தார்.

1853இல் சாயர்புரத்தில், ஜி.யு. போப் 1840களில் தோற்றுவித்த மறைப்பணிக் கல்விக்கூடத்திற்குத் தமிழாசிரியர் ஒருவர் தேவைப்பட்டார். கால்டுவெல் அவரைத் தேர்ந்து அமர்த்தினார். திருமண் இட்ட வைணவப் புலவர் ஒருவர் கிறித்தவப் பள்ளியில் தமிழ் கற்பிக்கலானார். வயிற்றுப்பாட்டுக்காகச் சென்ற இடம். நம்பிக்கைக்காகச் சென்ற இடமன்று. ஆயினும், அங்கே அவருடைய நண்பர் தனக்கோடி ராஜு கிறித்தவரானார். தம்பி முத்தையா பிள்ளையும் அவ்வழியே சென்றார். சொந்தத் தம்பி என்றால் வீடு எப்படிக் கலங்கியிருக்கும் என்பதை நம் தோட்டப்புறத்து மக்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. ஐந்தாண்டுகள் படித்தும் வாதிட்டும் அஞ்சியும் காலங்கழித்த பின்னர், 1858ஆம் ஆண்டு ஏப்ரல் 18ஆம் நாள், உறவினர் கண்ணுக்கு எட்டாத சென்னைப் பட்டினத்தில் கிருஷ்ண பிள்ளை ஞானமுழுக்குப் பெற்றார். அப்போது அவருக்கு வயது முப்பத்தொன்று நிறைய ஐந்து நாள்கள் இருந்தன. ‘ஹென்றி ஆல்ஃபிரட்’ என்ற பெயர் முன்னே சேர்ந்தது. பின்னே இருந்த ‘கிருஷ்ண’ என்ற பெயரை அவர் நீக்கவில்லை. மாயோன் பெயரைச் சுமந்தபடியே சாகும்வரை கிறித்துவைப் பாடினார்!

பெரும்பாலான மதமாற்றக் கதைகள் இந்த இடத்தில் முடிந்துவிடும். கிருஷ்ண பிள்ளையின் கதையில் படிக்க வேண்டிய பகுதியோ இங்குத்தான் தொடங்குகிறது.

சென்னையில் அவருக்குக் கைகொடுத்தவர் பீட்டர் பெர்சிவல். அவர் நடத்திய ‘தினவர்த்தமானி’ இதழில் துணை ஆசிரியர் பணி கிடைத்தது. பெர்சிவலின் பெயரைக் கண்டதும் நாம் ஒரு கணம் நிற்க வேண்டும். இவர்தாம் யாழ்ப்பாணத்தில் ஆறுமுக நாவலரைத் துணையாகக் கொண்டு விவிலியத்தைத் தமிழாக்கியவர். நாவலர் அத்தனை ஆண்டுகள் விவிலியத்தோடு புழங்கியும் கிறித்தவராகவில்லை. அந்தப் பயிற்சியையே கொண்டு சைவத்தைத் தூக்கி நிறுத்தினார். அதே பெர்சிவலிடம் வந்த கிருஷ்ண பிள்ளையோ வேறு வழியில் நடந்தார். ஒரே மனிதரின் மேசையில் இருவேறு தமிழ்ப் பெருமக்கள். இருவர் முடிவும் இருவேறு. தமிழ் இருவரிடத்தும் குன்றவில்லை. சமயக் காழ்ப்பு மேலிடும்போதெல்லாம் நான் நினைத்துக்கொள்ளும் செய்தி இது.

அதன்பின் மாநிலக் கல்லூரியில் தமிழாசிரியர் பணி. 1860களில் மீண்டும் சாயர்புரம். 1870களின் நடுவிலிருந்து பாளையங்கோட்டை. பின்னர்ச் சில ஆண்டுகள் திருவனந்தபுரம் மகாராசா கல்லூரி. வாழ்நாள் முழுதும் அவர் ஆசிரியர்தாம். 1883இல் அவர் இயற்றி வெளியிட்டது மாணவர்க்கான ‘இலக்கண சூடாமணி’ என்னும் இலக்கண நூல். ஞானமுழுக்குப் பெற்று இருபத்தைந்து ஆண்டுகள் கழித்தும் அவர் கையில் இருந்தது எழுத்தும் சொல்லும் புணர்ச்சி விதியுந்தான். ஆன்மிக வளர்ச்சி என்றதும் தரிசனங்களையும் அற்புதங்களையும் எதிர்பார்ப்பவர்களுக்கு இது சப்பென்று இருக்கலாம். எனக்கோ, ஒரு மனிதன் தன் அன்றாடக் கடமையை விடாமல் செய்துகொண்டே உள்ளுக்குள் மெல்லப் பழுப்பதுதான் நம்பத்தக்க வளர்ச்சியாகத் தோன்றுகிறது.

அந்தப் பழுத்தலின் விளைவே ‘இரட்சணிய யாத்திரிகம்’. இங்கிலாந்தில் ஜான் பனியன் என்பவர், அரசின் அனுமதியின்றிச் சமயவுரை ஆற்றிய குற்றத்திற்காகப் பெட்ஃபோர்டுச் சிறையில் பன்னிரண்டு ஆண்டுகள் கிடந்தவர். அவர் எழுதி 1678இல் வெளிவந்த உரைநடைக் கதையே இக்காப்பியத்திற்கு மூலம். பாவச் சுமையை முதுகில் தாங்கிய ஒருவன் அழிவின் நகரைவிட்டு விண்ணகரம் நோக்கி நடந்து செல்வதே கதை. கிருஷ்ண பிள்ளை 1870களின் இறுதியில் இதைப் பாடத் தொடங்கினார். பாளையங்கோட்டையிலிருந்து வெளிவந்த ‘நற்போதகம்’ இதழில் அது பகுதி பகுதியாக வெளிவந்தது. ஐந்து பருவங்களும் நாற்பத்தேழு படலங்களும் கொண்டு, மூவாயிரத்து எழுநூற்றுக்கும் மேற்பட்ட செய்யுள்களாக 1894இல் நூலாயிற்று. கணக்கிட்டுப் பாருங்கள்: ஞானமுழுக்கிலிருந்து நூல் வெளியீடு வரை முப்பத்தாறு ஆண்டுகள்! இன்று மூன்று மாதத்தில் மேடையேறிச் சாட்சி சொல்பவர்களை நான் குறைகூறவில்லை. அவர்களுடைய மகிழ்ச்சி உண்மையானதாகவே இருக்கலாம். ஆனால், தமிழ்க் கிறித்தவத்தின் தலைசிறந்த சாட்சி ஒன்று கனிவதற்கு ஒரு தலைமுறைக் காலம் பிடித்தது என்பதையும் அவர்கள் அறிந்துகொள்வது நல்லது.

இது வெறும் மொழிபெயர்ப்பு என்று எண்ணிவிடாதீர்கள். பனியனின் கதையில் இயேசுவின் வாழ்வு தனிப்பகுதியாக இல்லை. கிருஷ்ண பிள்ளையோ ‘குமார பருவம்’ என்றொரு பருவத்தில் அவருடைய பாடுகளையும் சிலுவைச் சாவையும் பாடுகிறார். தந்தையிடம் கேட்ட கம்பனின் விருத்த ஓசை அங்கே பொங்கி வருகிறது. காப்பியத்தின் இடையிடையே இசைப்பாடல்களை வைத்து, அவற்றுக்குத் ‘தேவாரம்’ என்றே பெயரிட்டார். அவருடைய மற்றொரு சிறுநூலின் பெயர் ‘போற்றித் திருவகவல்’. திருவாசகம் படித்தவர்க்கு இத்தலைப்பு எங்கிருந்து வந்தது என்று உடனே விளங்கும். வைணவராகப் பிறந்து கிறித்தவரான ஒருவர் மாணிக்கவாசகரிடம் பெயர் வாங்கிக்கொண்டு தம் ஆண்டவரைப் போற்றுகிறார். ஆழ்வார்களும் நாயன்மார்களும் உருகிய தமிழைத் தவிர வேறு எந்த மொழியில் தம் உருக்கத்தைச் சொல்வது? பழைய கல்வி தமக்குத் தடை என்று கருதியிருந்தால் அவர் வாயடைத்துப் போயிருப்பார்.

குடும்பத்தைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். பனியனின் கதைத் தலைவன், மனைவியும் பிள்ளைகளும் பின்னால் நின்று கதறி அழைக்க, காதுகளைப் பொத்திக்கொண்டு ஓடுகிறான். நம் பெற்றோர் பலரை அச்சுறுத்தும் காட்சி இதுவே. நானும் இவ்விடத்தை மனம் ஒப்பிப் படித்ததில்லை. ஆனால் 1684இல் பனியன் இரண்டாம் பாகம் ஒன்றை எழுதினார். அதில் அந்த மனைவியும் பிள்ளைகளும் தாங்களே பயணம் புறப்படுகிறார்கள். அவர்களுடைய நடை மெதுவானது, துணைகளோடு கூடியது. உற்றாரை அஞ்சித் தொலைவில் முழுக்குப் பெற்ற கிருஷ்ண பிள்ளை, சில ஆண்டுகளில் தம் சீமைக்கே திரும்பி, அதே சாயர்புரத்தில் அதே தமிழ்ப் பாடத்தைக் கற்பித்தார். வீட்டாரும் காலப்போக்கில் அவரோடு இணைந்தனர். ஓடியவர் திரும்பி வந்து உறவினர் நடுவே வாழ்ந்தாரே, அந்தத் துணிவு முதல் ஓட்டத்திற்குத் தேவைப்பட்ட துணிவைவிடப் பெரிது.

சாதியைப் பேசாமல் இக்கட்டுரையை எழுதினால் அது நேர்மையாகாது. அக்காலத் திருநெல்வேலித் திருச்சபையில் நாடார்களே பெரும்பான்மையினர். வேளாளர் ஒருவர் அச்சபையில் சேர்வது என்பது சமயம் மாறுவது மட்டுமன்று; யாரோடு அமர்வது, யாரோடு உண்பது என்ற கேள்வியும் ஆகும். ஞானமுழுக்குத் தண்ணீர் சாதியைக் கழுவிவிடும் என்று நம்பியவர்கள் ஏமாந்தார்கள். தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் (1774–1864) எவ்வளவு பெரிய கிறித்தவக் கவிஞர்! ஆயினும் 1820களில் புதிதாய் வந்த மறைப்பணியாளர்கள் திருவிருந்தில் சாதி வேறுபாடு கூடாது என்று வற்புறுத்தியபோது, அவர் அதை எதிர்த்தவர்கள் பக்கமே நின்றார். மொழியையும் இசையையும் காப்பது வேறு, சாதியைக் காப்பது வேறு என்பதை அப்பெரியவரால் பிரித்துப் பார்க்க இயலவில்லை. மலாயாவிற்குக் கப்பலேறியவர்களும் இச்சுமையை இறக்கி வைத்துவிட்டு வரவில்லை. தோட்டங்களில் சாதிக்கொரு லயம் இருந்ததைப் பெரியவர்கள் இன்றும் சொல்வார்கள். கோயிலுக்குப் போனவர்களுக்கும் தேவாலயத்திற்குப் போனவர்களுக்கும் இதில் பெரிய வேறுபாடு இல்லை. எதை வைத்துக்கொள்வது, எதை விடுவது என்று புதிய நம்பிக்கையாளர் கேட்டால், விட வேண்டியவற்றின் பட்டியலில் முதலிடம் கோலத்துக்கா சாதிக்கா என்று நாம் திருப்பிக் கேட்கலாம்.

நம் வட்டாரத்திற்கு வருவோம். 1917இல் மலாயாவின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டம் தொடங்கப்பட்டது பத்தாங் பெர்ஜுந்தையை அடுத்த தென்னமரம் தோட்டத்தில். தோட்டத்தின் பெயரே தமிழ்! 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் தோட்ட நிர்வாகம் பள்ளி வைக்க வேண்டும் என்றது. அவ்வாறு எழுந்த தகரக் கொட்டகைகளில் மாரியம்மனைக் கும்பிட்ட பிள்ளையும் மாதாவைக் கும்பிட்ட பிள்ளையும் ஒரே பலகையில் அமர்ந்து ‘அ, ஆ’ எழுதினர். பெற்றோர்களின் சாமிகள் வெவ்வேறாயினும் பிள்ளைகளுக்கு எழுத்து ஒன்றாகவே இருந்தது. பிற்காலத்தில் தோட்டங்கள் துண்டாடப்பட்டு மக்கள் வெளியேறிய பின்னரும் பள்ளிகள் பழைய தோட்டங்களின் பெயர்களையே சுமக்கின்றன. பெஸ்தாரி ஜெயாவில் ஹோப்ஃபுல் தோட்டத் தமிழ்ப்பள்ளி உண்டல்லவா? பனியனின் கதையில் பயணிக்கு இறுதிவரை துணைவரும் தோழனின் பெயரும் ஹோப்ஃபுல்தான், நம்பிக்கையுடையோன் என்று பொருள். தற்செயல் ஒற்றுமைதான் என்றாலும், மாணவர்க்கு இக்கதையைச் சொல்லத் தொடங்குவதற்கு இதைவிட நல்ல வாயில் வேறு கிடைக்காது. அத்தோழன் கதைக்குள் வருவதும் எண்ணிப் பார்க்கத் தக்கது. மாயாபுரிச் சந்தையில் நிதானி என்னும் பயணி கொல்லப்படுகிறான். அவன் துன்பத்தைத் தாங்கிய விதத்தைக் கண்டு மனம் மாறியவனே இவன். 

வகுப்பில் நான் செய்வது ஒன்றுதான். கம்பனின் விருத்தம் ஒன்றையும் இரட்சணிய யாத்திரிகத்தின் விருத்தம் ஒன்றையும் அடுத்தடுத்து ஓசையுடன் படிக்கச் சொல்வேன். எது யார் பாடியது என்று முதலில் சொல்வதில்லை. இந்துப் பிள்ளைகளும் கிறித்தவப் பிள்ளைகளும் சேர்ந்தே கைத்தாளம் இடுவார்கள். பின்னர்ப் பொருள் சொல்லும்போது எழும் கேள்விகளுக்குப் பதில் சொல்ல ஒரு பாடவேளை போதாது. ‘இது எங்கள் வீட்டில் கூடாது’ என்று தயங்கும் பிள்ளையின் பெற்றோர் எவரேனும் இதைப் படித்தால், அவர்களுக்கு என் வேண்டுகோள்: கம்பனை முழுதும் கற்றிருந்தமையால்தான் கிருஷ்ண பிள்ளையால் சிலுவையைத் தமிழர் நெஞ்சில் பதியும்படி பாட முடிந்தது. தாம் கிறித்தவரான வரலாற்றையும் அவர் தம் கையாலேயே எழுதி வைத்துள்ளார்.

முதுமையிலும் அவர் எழுதுகோலைக் கீழே வைக்கவில்லை. 1898இல் ‘இரட்சணிய சமய நிர்ணயம்’ என்னும் உரைநடை நூல் வந்தது. பக்திப் பாடல்களின் தொகுப்பான ‘இரட்சணிய மனோகரம்’ 1899இல் வெளிவந்தது. மறு ஆண்டு, 1900 பிப்ரவரி 3ஆம் நாள், தம் எழுபத்திரண்டாம் வயதில் கிருஷ்ண பிள்ளை காலமானார்.