கோவளம் சமூக அலைச்சறுக்குப் பள்ளி

செங்கல்பட்டு மாவட்டம் கோவளத்தில், அவ்வூர் மீனவர் மூர்த்தி மேகவன் 2012-இல் தொடங்கிய பயிற்சிப் பள்ளி. சென்னைக்குத் தெற்கே கிழக்குக் கடற்கரைச் சாலையில் உள்ளது. தொழிலதிபர் அருண் வாசு துணைநின்றார்.

மூர்த்தி முதலில் அலையேறியது உடைந்த மரப்பலகையில். பள்ளியில் குப்பத்துப் பிள்ளைகளுக்குப் பயிற்சி இலவசம். குடி, புகை கூடாது, படிப்பை விடக் கூடாது என்பதே கட்டணம். முதல் பாடம் மணலில்தான். பலகையில் குப்புறப் படுத்து, இரு கைகளாலும் துழாவி, ஒரே துள்ளலில் எழுந்து நிற்க வேண்டும். பிறகு கணுக்காலில் கயிறு கட்டி, கரையோர நுரையலைக்குள் இறக்குவார்கள். வெளியூரார் கட்டணம் செலுத்திக் கற்கிறார்கள்; ஊர் இளைஞர்களே பயிற்றுநர்கள். போட்டிப் பதக்கங்களைவிட இந்த வேலைவாய்ப்பே பெரிது எனலாம்.

இப்படிச் சாகசத்தால் மனத்திடம் வளர்க்கும் முறைக்கு 1941-இல் வேல்ஸில் குர்ட் ஹான் முன்னின்று தொடங்கிய அவுட்வர்ட் பவுண்ட் முன்னோடி. இதேபோல், தெலங்கானாவில் சமூகநல உறைவிடப் பள்ளி மாணவி மாலாவத் பூர்ணா, போங்கீர் பாறையில் பழகி, 2014 மே 25 அன்று 13 வயதில் எவரெஸ்ட் ஏறினார். நேபாளத்தில் வயது வரம்பு தடுத்ததால் திபெத் பக்கமாகச் சென்றார்.

பட்டாசுத் தொழிலை நம்பியிருக்கும் விருதுநகர் மாவட்ட வெம்பக்கோட்டை வட்டாரத்துக்கு இவை நல்ல முன்மாதிரி. அங்கே கடல் இல்லை; ஆனால் வைப்பாறும் அணையும் உள்ளன, மேற்கே மலைத்தொடரும் தொலைவில்லை. அதே மாவட்டத்துக்காரரான முத்தமிழ்ச்செல்வி 2023 மே மாதம் எவரெஸ்ட் உச்சியைத் தொட்டார்.