அந்நியப் பணமும் இரட்டை அளவுகோலும்

நெருக்கடி நிலைக் காலத்தில், 1976இல், இயற்றப்பட்ட வெளிநாட்டுப் பங்களிப்பு ஒழுங்குமுறைச் சட்டம் முதலில் குறிவைத்தது தொண்டு நிறுவனங்களை அல்ல. வேட்பாளர்களையும் கட்சிகளையும் மக்கள் பிரதிநிதிகளையும்தான். அந்நியப் பணம் தேர்தலுக்குள் புகுந்துவிடக் கூடாது என்ற அச்சத்தில் பிறந்த சட்டம் அது. தொண்டு நிறுவனங்களுக்குக் கட்டாயப் பதிவு வந்ததே 1984இல்தான். அதன்பின் கட்சிகளுக்கு இச்சட்டம் தளர்ந்துகொண்டும் நிறுவனங்களுக்கு இறுகிக்கொண்டும் வந்திருக்கிறது.

தளர்ந்த கதையை முதலில் பார்க்கலாம். லண்டனில் பதிவான வேதாந்தா குழுமத்தின் துணை நிறுவனங்களிடம் காங்கிரஸும் பாரதிய ஜனதாவும் நன்கொடை பெற்றது இச்சட்டத்தை மீறிய செயல் என்று 2014 மார்ச்சில் டெல்லி உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆறு மாதத்துக்குள் நடவடிக்கை எடுக்கவும் உத்தரவிட்டது. நடவடிக்கை வரவில்லை, திருத்தம் வந்தது. 2016ஆம் ஆண்டு நிதிச் சட்டம் ‘வெளிநாட்டு மூலம்’ என்பதற்கான வரையறையை 2010 முதல் செல்லுபடியாகும்படி மாற்றியது. நன்கொடைகளோ 2010க்கு முற்பட்டவை! அந்த ஓட்டையை 2018 நிதிச் சட்டம் அடைத்தது: திருத்தம் 1976 ஆகஸ்ட் 5 வரை பின்னோக்கிப் போயிற்று. மக்களவையில் அதன்மீது விவாதமே நடக்கவில்லை. எலியும் பூனையுமாக இருந்த இரு கட்சிகளுக்கும் ஒரே வரியில் விடுதலை.

நிறுவனங்களுக்கு இந்தச் சலுகை கிடைக்கவில்லை. 2020 திருத்தம் நிர்வாகச் செலவின் உச்சவரம்பை 50 விழுக்காட்டிலிருந்து 20 ஆகக் குறைத்தது. பணம் முதலில் வந்து சேர வேண்டிய கணக்கு, புதுடெல்லியிலுள்ள பாரத ஸ்டேட் வங்கியின் முதன்மைக் கிளையில்தான் இருக்க வேண்டும் என்றது. எல்லாவற்றையும்விடக் கடுமையானது, பெற்ற நிதியை இன்னொரு அமைப்புக்குப் பகிரக் கூடாது என்ற தடை. வெளிநாட்டுக் கொடையாளருக்கு ஆங்கிலத்தில் திட்ட அறிக்கை எழுதித்தர ஆளில்லாத சிற்றூர்க் குழுக்கள், பெரிய அமைப்புகளின் வழியாகத்தான் நிதி பெற்றுவந்தன. அந்த வாய்க்கால் அடைபட்டது.

கண்காணிப்பே வேண்டாம் என்று வாதிட முடியாது. ஆண்டுக் கணக்கைத் தாக்கல் செய்யாத ஆயிரக்கணக்கான அமைப்புகளின் பதிவு 2015இல் ரத்தானது. அதில் குறை சொல்ல அதிகமில்லை. கணக்குக் கேட்கும் கை கருத்தையும் கேட்கத் தொடங்கும்போதுதான் சிக்கல். கூடங்குளம் அணுஉலை எதிர்ப்புப் போராட்டத்தின் பின்னால் பெரும்பாலும் அமெரிக்காவில் தளம்கொண்ட தொண்டு நிறுவனங்கள் இருப்பதாக 2012இல் பிரதமர் மன்மோகன் சிங் ‘சயின்ஸ்’ இதழிடம் சொன்னார். தொடர்ந்து சில அமைப்புகளின் உரிமம் பறிபோனது. ஆட்சி மாறியும் இந்த வழக்கம் மாறவில்லை.

நீதிமன்றங்களின் குரலும் ஒரே சீராக இல்லை. பந்த், ஹர்த்தால் நடத்துவதாலேயே ஓர் அமைப்பை அரசியல் அமைப்பு என முத்திரை குத்த முடியாது, தீவிர அரசியலோடு, கட்சி அரசியலோடு தொடர்பு இருக்க வேண்டும் என்று 2020 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் கூறியது. அதே நீதிமன்றம் 2022 ஏப்ரலில், வெளிநாட்டு நன்கொடை பெறுவது முழுமையான உரிமையல்ல என்று சொல்லி 2020 திருத்தத்தைப் பெருமளவு உறுதிசெய்தது.

உரிமம் 180 நாள் இடைநிறுத்தப்படலாம். மேலும் 180 நாள் நீட்டிக்கப்படலாம். ரத்தானால் மறுஆய்வு மனுவை மத்திய அரசிடமே தர வேண்டும், இல்லையேல் உயர் நீதிமன்றப் படியேற வேண்டும். உத்தரவிட்டவரே மேல்முறையீட்டையும் கேட்கும் இந்த ஏற்பாட்டை மாற்றி, இச்சட்டத்தை நடைமுறைப்படுத்தும் உள்துறை அமைச்சகத்துக்கு வெளியே ஒரு தீர்ப்பாயத்தை நாடாளுமன்றம் அமைக்க வேண்டும்.