புயல் கற்பித்ததை எழுதி வைத்தவர்கள்

1970 நவம்பர் 12ஆம் திகதி இரவு வங்காள விரிகுடாவில் எழுந்த புயல், அன்றைய கிழக்குப் பாகிஸ்தானின் கரையோரத்தை விழுங்கியது. போலா, மன்புரா, ஹாதியா முதலிய தீவுகளில் கிராமங்கள் அடியோடு அழிந்தன. இறந்தோர் மூன்று இலட்சம் முதல் ஐந்து இலட்சம் வரை என்பது பொதுவான மதிப்பீடு. ஆட்சியாளரின் அசட்டையால் மக்களிடம் மூண்ட சினமும், அடுத்த மாதத் தேர்தலில் அவாமி லீக் பெற்ற பெருவெற்றியும், பின்னர் பங்களாதேஷ் பிறந்ததும் வாசகர் அறிந்தவையே. அந்த அரசியல் பேரொலியில் அமுங்கிப்போன ஒரு பணியைப் பற்றியே இங்கு கூற விரும்புகின்றேன்.

டாக்காவிலிருந்த கொலரா ஆராய்ச்சி நிலையத்தின் மருத்துவர்களான அல்பிரட் சொமரும் வைலி மோஸ்லியும் பாதிக்கப்பட்ட பகுதிகளில் குடும்பம் குடும்பமாக விபரம் திரட்டி, 1972இல் 'லான்செற்' சஞ்சிகையில் வெளியிட்டனர். குறைந்தது 2,24,000 பேர் மாண்டனர் என அவர்கள் கணித்தனர். தொகையைக் காட்டிலும் முக்கியமானது, யார் மாண்டனர் என்பது. மக்கள் தொகையில் மூன்றிலொரு பங்கினரான பத்து வயதுக்குட்பட்ட பிள்ளைகள், மாண்டோரில் பாதிக்கு மேலாக இருந்தனர். தப்பியவர்களின் மார்பிலும் கைகளின் உட்புறத்திலும் தொடைகளிலும் தோல் உரிந்திருந்தது. இரவு முழுவதும் மரங்களைக் கட்டிப்பிடித்திருந்ததால் ஏற்பட்ட காயங்கள் அவை. பிடித்திருக்க வலுவில்லாதோரைக் கடல் கொண்டு சென்றது.

1972இல் செஞ்சிலுவை இயக்கம் கரையோரக் கிராமங்களில் தொண்டர்களைத் திரட்டத் தொடங்கியது. மறுவருடம் அரசாங்கமும் அதில் இணைந்துகொண்டது. ஆயினும் 1991 ஏப்ரல் 29ஆம் திகதி வீசிய புயலில் மீண்டும் ஏறத்தாழ 1,38,000 பேர் உயிரிழந்தனர். எச்சரிக்கை கிடைத்தும் பலர் வீட்டை விட்டு அசையவில்லை. அதன்பின் நடந்த ஓர் ஆய்வு, கல்லாலோ கொங்கிறீற்றாலோ ஆன கட்டடத்தை அடைந்தவர்கள் அனைவரும் பிழைத்தனர் என்றும், அடையாதோரில் 22 சதவீதத்தினர் இறந்தனர் என்றும் கண்டது. பிள்ளைகளோடு நாற்பது வயதைக் கடந்த பெண்களே அதிகம் மாண்டிருந்தனர். அந்நிய ஆண்களோடு ஒரே கூடத்தில் நெருக்கியடித்து இராத்தங்கப் பெண்கள் தயங்கினர். மாடுகளை விட்டுவர மனமில்லாத குடும்பங்களும் இருந்தன. கட்டடம் இருந்தால் மட்டும் மக்கள் வந்துவிடுவார்கள் என எண்ணியது பிழை.

பொறியியலாளர் ஜமிலுர் ரேசா சௌத்ரி தலைமையிலான குழு 1993இல் அளித்த அறிக்கை, புகலிடங்கள் ஏனைய நாட்களில் பாடசாலைகளாக இயங்க வேண்டும் என்றது. தூண்களின் மேல் எழுந்த அத்தகைய கட்டடங்களை இன்று அந்தக் கரையோரமெங்கும் காணலாம். பெண்களுக்குத் தனி அறையும் கால்நடைகளுக்கு இடமும் பின்னாளில் பலவற்றில் சேர்ந்தன. தொண்டர் படையில் இன்று 76,000க்கு மேற்பட்டோர் உள்ளனர். அவர்களில் பாதிப்பேர் பெண்கள்.

2007இல் 'சிடர்' புயலில் 3,400 பேருக்கு மேல் மாண்டனர். 2020இல் 'அம்பான்' வந்தபோது இருபது இலட்சத்துக்கும் அதிகமானோர் முன்கூட்டியே அகற்றப்பட்டனர்; இறந்தோர் சில பத்துப் பேரே. ஒவ்வொரு புயலின் வலுவும் வேறு என்பதால் இலக்கங்களை அப்படியே ஒப்பிடுவது சரியல்ல. 2009இல் வந்த 'ஐலா' வேறொன்றைக் காட்டியது. உயிரிழப்புக் குறைவுதான். ஆனால் உடைந்த அணைகளின் ஊடாகப் புகுந்த உப்புநீர் வயல்களில் நின்றுவிட, குல்னாப் பகுதி மக்கள் நெடுங்காலம் அணைமேட்டிலேயே குடிசை போட்டு வாழ்ந்தனர். காலநிலை மாற்றத்துக்கு முகங்கொடுப்பது பற்றிய அறிக்கைகள் பங்களாதேஷைப் புகழும்போது இந்த அத்தியாயத்தைச் சுருக்கிவிடுகின்றன.

இதே விரிகுடாவின் புயலொன்று 1978 நவம்பர் 23ஆம் திகதி மட்டக்களப்பைச் சூறையாடியது. ஏறத்தாழ 900 பேர் மாண்டனர். பத்திரிகைக்காரர்களான நாம் இறந்தோரை எண்ணினோம், விழுந்த தென்னைகளை எண்ணினோம், வந்த அமைச்சர்களைப் படம்பிடித்தோம். தப்பியவர்கள் எதைப் பிடித்துக்கொண்டு தப்பினார்கள், தப்பாதவர்கள் ஏன் வீட்டிலேயே இருந்தார்கள் என்று வீடு வீடாகச் சென்று கேட்க எமக்குத் தோன்றவில்லை. அந்த இரவைத் தெளிவாக நினைவில் வைத்திருப்போர் இன்று ஐம்பதைக் கடந்துவிட்டனர்.